தற்கொலைத் தடுப்பு: மனநோயோடு வாழ்பவரின் பக்கத்திலிருந்து ஒரு எளிய விளக்கம்

செய்தித்தாளில் தற்கொலைச் செய்தி வந்தால் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். செப்டம்பர் 10 வந்தால் தற்கொலைத் தடுப்பு நாள் என்று கல்லூரிகளில் பேரணி போவார்கள். தெருவில் ஒருவர் அப்படி இறந்துவிட்டால், துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர் "யாராவது ரெண்டு வார்த்தை பேசியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "சாகணும்னு முடிவு எடுத்தவங்கள யாரால தடுக்க முடியும்?" என்பார். இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

தடுப்பு என்றால் எதைத் தடுப்பது? அது எப்படி வேலை செய்கிறது? இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. எனக்கு இருமுனை மனநோய் இருக்கிறது. மனம் சில காலம் கட்டுக்கடங்காத வேகத்திலும் சில காலம் எழுந்திருக்கவே முடியாத பள்ளத்திலும் மாறி மாறிப் போகிற நோய் அது. 19 வருடமாக மருந்து சாப்பிடுகிறேன். இந்த 19 வருடத்தில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. அங்கே எப்படிப் போனேன் என்று எழுதப் போவதில்லை, அது யாருக்கும் பயன்படாது. எப்படித் திரும்பினேன் என்பது பயன்படலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இதைப் படிக்கிற இந்த நேரத்திலேயே உங்களுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்றால், கட்டுரை பிறகு ஆகட்டும். இந்தியாவில் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. சென்னை ஸ்நேகா அமைப்பு 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. போன் செய்யத் தெம்பு இல்லை என்றால் வீட்டில் தூங்குகிறவரை எழுப்புங்கள். திட்ட மாட்டார்கள்.

ராத்திரி 2 மணிப் பல்வலி

கடைவாய்ப் பல் வலித்து விடியவிடிய உட்கார்ந்திருக்கிறீர்களா? பல் டாக்டர் காலை 10 மணிக்குத்தான் வருவார். கிராம்பை வைத்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் "இந்தப் பல்லே வேண்டாம், போய்த் தொலையட்டும்" என்று தோன்றும். பல்லின் மேல் நமக்கு ஒரு விரோதமும் இல்லை. வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வலியும் பல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

தற்கொலை எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தவர். மனசுக்குள் தாங்க முடியாமல் போகும் வேதனைக்கு அவர் 1993இல் ஒரு தனிப் பெயரே வைத்தார். தமிழில் அதை மனவலி என்று சொல்லலாம். அவமானம், குற்ற உணர்ச்சி, தனிமை, நம்பிக்கையின்மை எல்லாம் கலந்து, உடம்பில் காட்ட இடமில்லாமல் வலிக்கிற வலி. அதை நிறுத்த வேறு வழி தெரியாதபோதுதான் சாவு ஒரு வழியாகத் தெரிகிறது.

எனக்குத் தெரிந்து, அந்த இடத்துக்குப் போய் வந்தவர்கள் யாரும் "எனக்குச் சாவு பிடித்திருந்தது" என்று சொன்னதில்லை. "முடியலை" என்றுதான் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் போன வீட்டில் டார்ச்

சரி, வலி வந்தால் எல்லோருக்கும் இந்த எண்ணம் வருவதில்லையே? இரண்டாவது ஒரு விஷயம் சேர வேண்டியிருக்கிறது.

ராத்திரி கரண்ட் போய்விட்டது. கையில் ஒரு சின்ன டார்ச். அது காட்டுகிற வட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நாலு கதவு இருந்தாலும் டார்ச் ஒரு கதவின் மேலேயே நின்றுவிட்டால், மற்ற மூன்றும் அந்த நேரத்துக்கு இல்லாத மாதிரிதான். வேதனை உச்சத்துக்குப் போகும்போது மனமும் இப்படிச் சுருங்குகிறது. இதை எண்ணக் குறுக்கம் என்கிறார்கள். போன வருடம் சிரித்தது நினைவில் வராது, அடுத்த மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. பிள்ளைகள் முகம் தெரியும், ஆனால் கோணலாகத் தெரியும்.

அந்தக் கோணலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். "பிள்ளைங்களை நினைச்சுப் பார்க்கலையா? என்ன கல் நெஞ்சு!" என்று கேட்பார்கள். நினைத்துப் பார்க்காமல் இல்லை. நான் பிள்ளைகளை மட்டுமே நினைத்தேன். நோய் என் காதில் சொன்னது இதுதான்: "நீ இவர்களுக்குச் சுமை. நீ இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்." இதற்குச் சுமையுணர்வு என்று பெயர். காய்ச்சல் வந்தவருக்கு வாய் கசப்பது போல, இது நோய் காட்டுகிற பொய்யான ருசி. கஞ்சியில் கசப்பு இல்லை, நாக்கில்தான் இருக்கிறது. இது தெரியாமல் "பிள்ளைங்களை நினை, குடும்பத்தை நினை" என்று புத்தி சொன்னால், ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சியின் மேல் இன்னொரு கல் ஏறுகிறது. "உனக்கு என்ன குறை? சோறில்லையா, துணியில்லையா?" என்பதும் இதே ரகம்தான்.

இதுவரை பார்த்தது: தாங்க முடியாத மனவலி ஒன்று. வேறு வழி கண்ணுக்குத் தெரியாதபடி சுருங்கிப் போன மனம் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சேரும்போது ஆபத்து. அதை வைராக்கியம் என்றோ கோழைத்தனம் என்றோ பெயர் வைத்தால், உள்ளே இருக்கும் வலியையும் பார்க்க முடியாது, சுருக்கத்தையும் பார்க்க முடியாது.

104 டிகிரியில் யாரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை

இப்போது நல்ல செய்தி. இந்தச் சுருக்கம் நிரந்தரம் இல்லை.

104 டிகிரி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் "வீட்டை வித்துடுங்க" என்றால் நாம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோமா? நெற்றியில் ஈரத்துணி போட்டு, மாத்திரை கொடுத்து, காய்ச்சல் இறங்கட்டும் என்று பக்கத்தில் உட்காருவோம். தற்கொலை எண்ணத்தின் உச்சமும் ஏறி இறங்கக்கூடியது. அடியில் இருக்கும் மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் "இப்பவே" என்று பிடித்துத் தள்ளும் அந்த உச்சம் பலருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிகிறது. மறுபடி வரலாம், வந்தாலும் மறுபடி தணியும்.

அந்த உச்சத்தில்கூட மனம் முழுக்கச் சாவின் பக்கம் போய்விடுவதில்லை. ஒரு பாதி போக வேண்டும் என்கிறது, இன்னொரு பாதி யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதை இருமனம் என்று சொல்லலாம். தடுப்பு என்கிற வேலை முழுக்க இந்த இரண்டாவது பாதியோடு கை கோத்துக்கொள்வதுதான்.

"முடிவு எடுத்தவங்கள யாரால தடுக்க முடியும்?" என்ற கேள்விக்கு ஆராய்ச்சிகள் பதில் சொல்லிவிட்டன. முயற்சி செய்து உயிர் தப்பியவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், 10 பேரில் சுமார் 9 பேர் பிற்பாடு தற்கொலையால் இறக்கவில்லை. அன்றைக்குத் தப்பித்தவர் நாளைக்கு எப்படியும் போய்விடுவார் என்பது பொய்.

இதனால்தான், ஆபத்தான பொருளுக்கும் ஆளுக்கும் நடுவில் கொஞ்சம் தூரத்தையும் நேரத்தையும் வைத்தாலே உயிர் தப்புகிறது. இலங்கை இதற்குப் பெரிய சாட்சி. 1995 வாக்கில் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்த பிறகு, இருபது வருடத்துக்குள் அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த வருடங்களில் அங்கே போர் நடந்தது, கஷ்டம் இருந்தது, மனிதர்களின் கவலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. உச்சம் தணியும் வரை உயிர் இருந்தது, அதனால் பிழைத்தார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஸ்நேகா அமைப்பு, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்ததும் இதே காரணத்தால்தான்.

இதில் மனநோய் எங்கே வருகிறது?

இந்தியாவில் 2022இல் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாக அரசின் குற்ற ஆவணக் கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவர்கள் எல்லோரும் மனநோய் உள்ளவர்கள் என்று சொல்ல முடியாது. கடன், அடி உதை, தேர்வு, சாதி, காதல் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அதேபோல மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் தற்கொலையால் இறப்பதில்லை. ஆனாலும் எங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கூடுதலாவது ஏன்? சில நோய்கள் மனவலியைத் தாங்களே உற்பத்தி செய்கின்றன. மனச்சோர்வு டார்ச்சின் வட்டத்தை மாதக்கணக்கில் சுருக்கி வைக்கிறது. மனச்சிதைவு நோயில் சிலருக்கு "செத்துப்போ" என்று குரலே கேட்கிறது. அந்தக் குரலை எதிர்த்துக்கொண்டே ஒருவர் காய்கறி வாங்கப் போய்வருகிறார் என்றால், அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். இதோடு வேலை போவது, கல்யாணம் முறிவது, வாடகைக்கு வீடு கிடைக்காதது எல்லாம் சேர்ந்துகொள்ளும். என் வலியில் எவ்வளவு நோய் கொடுத்தது, எவ்வளவு ஊர் கொடுத்தது என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

மருந்து உதவுகிறதா? உதவுகிறது. இருமுனை நோயில் லித்தியம் தற்கொலை ஆபத்தையே குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. மனச்சிதைவில் க்ளோசபின் என்ற மருந்துக்கு அந்தக் காரணத்துக்காகவே 2002இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சில மருந்துகள் தொடங்கும்போதோ அளவு கூடும்போதோ ஒரு இடத்தில் கால் தரிக்காத தவிப்பு வரும். உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும், நடந்தாலும் தீராது. அது பக்கவிளைவு, ஆபத்தைக் கூட்டக்கூடியது. "பொறுத்துக்கோ" என்று யாரும் சொல்லக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பெரும்பாலும் சரி செய்துவிடலாம். இளவயதினருக்கு மனச்சோர்வு மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் சிலருக்கு எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. மருந்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த வாரங்களில் மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

ஏன் வாயைத் திறப்பதில்லை

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று இறந்த பிறகு எல்லோரும் அழுகிறார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். அடுத்த பத்து நிமிடத்தில் என் போனை வாங்கிக்கொண்டார்கள், வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கதவு வெளியே பூட்டப்பட்டது. நான் பத்திரமாக இருந்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாளும் என்ன வலிக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெளியே வரும்போது நான் கற்றுக்கொண்டிருந்த ஒரே பாடம், இனி யாரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது என்பதுதான். அடுத்த இரண்டு வருடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்ட எல்லா மருத்துவரிடமும் சிரித்துக்கொண்டே பொய் சொன்னேன். காவல் போடுவதால் ஒரு ராத்திரியைக் கடத்திவிடலாம். பேச்சு இல்லாத காவல், அடுத்த முறை நோயாளியை ஊமையாக்கிவிடுகிறது. பிற்பாடு வேறொரு இடத்தில் 12 நாள் உள்ளே இருந்தேன். அங்கேயும் கதவு பூட்டுதான். ஆனால் ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒருவர் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு, பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பார். நான் எட்டு என்பேன், ஏழு என்பேன். ஆறு என்று சொன்ன நாளில் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பயத்துக்கு ஊர் அளவிலும் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோய் என்று சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார்களோ என்ற பயம் வானத்திலிருந்து குதித்து வந்ததில்லை.

அப்புறம் போலீஸ். "வெளியே சொன்னா கேஸ் ஆயிடும்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே குடும்பங்கள் கதையை மாற்றிச் சொல்கின்றன. சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில், தற்கொலை முயற்சி செய்தவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ அவர் வேலையைத் தடுக்கவோ தற்கொலை முயற்சி செய்வது என்ற ஒரு வகை மட்டுமே அதில் குற்றமாக இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இதே சட்டத்தில் எங்களுக்கு மிகவும் உதவுகிற ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர். நன்றாக இருக்கும்போதே, "எனக்கு நோய் முற்றினால் இந்த மாதிரிச் சிகிச்சை கொடுங்கள், இதைச் செய்யாதீர்கள், எனக்காக இன்னார் பேசுவார்" என்று எழுதி வைக்கும் உரிமை. காய்ச்சல் இல்லாதபோது போட்ட கையெழுத்து, காய்ச்சல் நேரத்தில் நமக்காகப் பேசும்.

சுருக்கமாக: மனநோய் உள்ளவர் பேசாமல் இருப்பதற்குப் பின்னால் அனுபவத்தில் வந்த பயம் இருக்கிறது. அவர் பேச வேண்டும் என்றால், பேசினால் நல்லது நடந்த அனுபவம் ஒரு தடவையாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கேட்டால் தூண்டிவிடுமா?

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். இதைப் பல ஆய்வுகளில் சோதித்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. பலருக்குக் கொஞ்சம் இறங்குகிறது.

என்னிடம் முதன்முதலில் அப்படிக் கேட்டவர் என் சித்தப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார். திண்ணையில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையிலிருந்து வேர்க்கடலையைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தார். நானும் உரித்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"சாகணும்னு நெனப்பு வருதாம்மா?"

"வருது சித்தப்பா."

"இப்பவுமா?"

"இப்ப கொஞ்சம் கம்மி."

"சரி. நான் இங்கதான் படுத்துக்கறேன்."

அவ்வளவுதான். அறிவுரை இல்லை, சத்தியம் வாங்கவில்லை. சத்தியம் வாங்குவது, "இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடு" என்பதெல்லாம் கேட்பவரின் பயத்துக்குத்தான் மருந்து. அதனால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. சித்தப்பா கேட்ட இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். "இப்பவுமா?" என்று கேட்டபோதுதான், அது கூடிக் குறைகிற ஒன்று என்பதே எனக்குத் தெரிந்தது.

நாலாய் மடித்த ஒரு தாள்

சத்தியப் பத்திரத்துக்குப் பதில் இப்போது உலகம் முழுக்கப் பயன்படுவது பாதுகாப்புத் திட்டம். அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கியது. மனம் தெளிவாக இருக்கும்போது, சுருங்கப் போகும் நேரத்துக்காக நம் கையாலேயே எழுதி வைக்கிற தாள். டார்ச்சைத் திருப்ப வேண்டிய மற்ற மூன்று கதவுகளும் எங்கே என்று அதில் இருக்கும். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்தத் தாளை எழுத வைத்து, பிறகு போனில் விசாரித்தும் வந்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களிடையே தற்கொலை நடத்தை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது.

என் தாள் போன் உறைக்குள் நாலாய் மடித்து இருக்கிறது. மடிப்பில் எழுத்து அழிந்து இரண்டு தடவை புதிதாக எழுதியாயிற்று. ஆறு பகுதி.

முதலில் எச்சரிக்கைக் குறிகள். "சோகமாக இருப்பேன்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. என்னுடையது இப்படி இருக்கிறது: மூன்று நாள் தலை சீவவில்லை. அக்கா போன் செய்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 'இவங்க நிம்மதியா இருப்பாங்க' என்ற வாக்கியம் வருகிறது. இந்த மூன்றாவதுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, தனியாகவே செய்யக்கூடியவை: முற்றத்துக் குழாயில் கால் நனைய நிற்பது, செம்பருத்திக்குத் தண்ணீர், பழைய பாட்டு. இவை நோயைக் குணமாக்காது. பத்து நிமிடத்தைக் கடத்தும், அப்போதைக்கு அது போதும். மூன்றாவது, வெளியே போய் உட்காரக்கூடிய இடம். எனக்கு அது பெரிய கோயில் புல்தரை. யாரோடும் பேச வேண்டாம், நாலு பேர் கண்ணில் பட்டால் போதும். நான்காவது, உண்மையைச் சொல்லக்கூடிய மூன்று பேரின் பெயரும் எண்ணும். ஐந்தாவது, மருத்துவர் எண், 14416, ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனை. ஆறாவது, வீட்டைப் பத்திரமாக்குவது. என் மாதாந்திர மருந்து முழுதும் அக்கா வீட்டில் இருக்கிறது, வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஏழு நாளைக்கு மட்டும் வரும். இதை நான்தான் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டேன். பிடுங்கி வைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் இந்தத் தாளின் பலம் இருக்கிறது. மருத்துவர் கூட உட்காரலாம், குடும்பம் உட்காரலாம், ஆனால் வாக்கியம் எங்களுடையதாக இருக்க வேண்டும். உள்ளே இருந்து வரும் அறிவுக்கு என்ன மதிப்பு என்பதற்கு மார்ஷா லினஹன் ஒருவரே போதும். அடிக்கடி தற்கொலை எண்ணத்துக்குள் விழுபவர்களுக்காக, தாங்கும் திறனைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிகிச்சையை உருவாக்கிய பேராசிரியர் அவர். தானும் பதின்வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவள்தான் என்று 2011இல், அதே மருத்துவமனையில் நின்றுகொண்டு, ஊரறியச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். "அப்பாடா, சரியாயிடுச்சு." உண்மையில் மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் ஆபத்து மிக அதிகமாக உள்ள காலம். உள்ளே இருந்தபோது மணிக்கொரு தரம் ஒருவர் வந்து பார்த்தார். வீட்டில் சொந்தக்காரர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியாது. மறுபடியும் தனிமை.

இந்தக் காலத்தில் உதவுவது ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு ஆய்வு நடத்தியது. அதில் சென்னையும் கொழும்பும் உண்டு. முயற்சி செய்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேர விளக்கம், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 18 மாத முடிவில், முதல் பாதியில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதற்கும் முன்னால் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், சிகிச்சையைத் தொடர மறுத்தவர்களுக்கு ஐந்து வருடம் அவ்வப்போது சின்னக் கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார். மருந்து சாப்பிடு, வந்து பார் என்ற வற்புறுத்தல் எதுவும் அதில் இல்லை, உங்களை நினைத்துக்கொண்டோம் என்ற அளவில் நாலு வரி. கடிதம் வந்தவர்களிடையே முதல் இரண்டு வருடத்தில் தற்கொலை குறைவாக இருந்தது.

எனவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் அப்படித் திரும்பி வந்திருந்தால், பெரிய வார்த்தைகளைத் தேட வேண்டாம். "சாப்பிட்டியா? நாளைக்குச் சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன சாயங்காலம் போங்கள். அடுத்த மாதமும் போங்கள், அப்போதுதான் மற்றவர்கள் நிறுத்தியிருப்பார்கள்.

என் தாளில் நான்காவது பகுதியில் முதல் பெயர் சித்தப்பாவுடையதாக இருந்தது. போன தை மாதம் அவர் வயோதிகத்தில் இறந்துவிட்டார். பல வாரம் அந்தப் பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் உட்கார்ந்து தாளைப் புதிதாக எழுதினேன். அவர் இடத்தில் என் தங்கை மகன் எண்ணை எழுதிவிட்டு, அவனைக் கூப்பிட்டேன். அவனுக்கு 24 வயது, கூரியர் கம்பெனியில் வேலை.

"எதுக்குப் பெரியம்மா என் நம்பரை எழுதறீங்க?" என்று கேட்டான். எதற்கு என்று சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து எதையோ மாற்றினான்.

"ராத்திரி சைலண்ட்ல போட்டுத்தான் தூங்குவேன்" என்றான். "உங்க நம்பருக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி வெச்சுட்டேன்."